பரப்பு இயங்கி, கூழ்மம், ஒளி வேதியியல்: ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

இயற்பியல் வேதியியலில் ஆய்வு செய்ய வருபவர்களும், வந்து ஓரிரு ஆண்டு ஆனவர்களும் என்னிடம் கேட்கும் ஐயங்கள் திரும்பத் திரும்ப ஒரே இடங்களில்தான் வந்து நிற்கின்றன. அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. தொடக்கத்தில் அடிப்படை, போகப் போக ஆய்வகத்தில் ஆளைத் திணறவைக்கும் விஷயங்கள். முன்பு சொன்னதை மறுபடி சொல்லாமல் அந்தக் கேள்வியின் எண்ணைச் சுட்டியிருப்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

1. இயற்பியல் வேதியியலாளர் என்றால் புதிய மருந்து, புதிய சேர்மம் எல்லாம் கண்டுபிடிப்பவரா?

பெரும்பாலும் இல்லை. ஒரு மூலக்கூறு ஏன் இப்படி நடந்துகொள்கிறது, எவ்வளவு வேகத்தில் மாறுகிறது, அந்த மாற்றத்துக்கு எவ்வளவு ஆற்றல் செலவாகிறது என்று அளந்து சொல்வதுதான் அவர் வேலை. சேர்மத்தை வேறொருவர் தயாரித்துக் கொடுத்திருக்கலாம், கடையில் வாங்கியதாகவும் இருக்கலாம். அதைப் பற்றி நம்பத்தக்க ஓர் எண்ணைச் சொல்வது இவர் பொறுப்பு.

2. பரப்பு இயங்கி, கூழ்மம், ஒளி வேதியியல் மூன்றும் வெவ்வேறு பாடமாகத் தெரிகிறதே. ஒருவர் எப்படி மூன்றையும் செய்ய முடியும்?

பாடநூலில் வெவ்வேறு அத்தியாயங்கள்தான். ஆய்வகத்தில் மூன்றையும் பிணைப்பது ஒரே விஷயம்: இரண்டு ஊடகங்கள் சந்திக்கும் இடைமுகம். ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கனசதுரத்தின் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதே பொருளைப் 10 நானோமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மொத்தப் பரப்பு 600 சதுர மீட்டராகிவிடும். எடை கூடவில்லை, பொருள் மாறவில்லை. ஆனால் உள்ளே பத்திரமாக இருந்த மூலக்கூறுகளில் கணிசமான பங்கு இப்போது எல்லைக்கு வந்துவிட்டது. அதுதான் கூழ்மம்.

அந்த எல்லையில் போய் அமர்ந்து அதன் ஆற்றலைக் குறைப்பது பரப்பு இயங்கி. எல்லையில் இருக்கும் மூலக்கூறு, தாராளமான கரைசலில் இருக்கும் அதே மூலக்கூறிலிருந்து எப்படி வேறுபடுகிறது என்று தொட்டுக் குலைக்காமல் கேட்க நமக்கு வாய்த்த கருவி ஒளி. ஆக மூன்றும் ஒரே கேள்வியின் மூன்று பக்கங்கள்: இருக்கும் இடம் மாறினால் மூலக்கூறின் குணம் எப்படி மாறுகிறது? இந்தக் கேள்வி பிடித்துப்போனவருக்கு ஒரு வாழ்நாள் போதாது.

3. பரப்பு இயங்கி என்பது சோப்புதானே?

சோப்பு அதில் ஒரு வகை. நீர் விரும்பும் தலையும் நீர் வெறுக்கும் வாலும் ஒரே மூலக்கூறில் இருந்தால் அது பரப்பு இயங்கி. தலை எதிர்மின் கொண்டதாக இருக்கலாம் (சோடியம் டோடெசில் சல்பேட்), நேர்மின் கொண்டதாக இருக்கலாம் (செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடு), மின்சுமையே இல்லாததாகவும் இருக்கலாம் (டிரைட்டான் எக்ஸ்-100). நம் நுரையீரலின் நுண்ணறைகள் ஒவ்வொரு மூச்சிலும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் அங்கே படலமாகப் படர்ந்திருக்கும் பாஸ்போலிப்பிடுகள். குறைமாதக் குழந்தைகளுக்கு அது போதாமல் போவதால்தான் மூச்சுத்திணறல் வருகிறது. வெளியிலிருந்து பரப்பு இயங்கியைச் செலுத்துவது இன்று நிலைபெற்ற சிகிச்சை. கொழுப்பைச் செரிக்க உதவும் பித்த உப்புகளும் இந்தக் குடும்பமே.

4. மிசெல் எப்போது உருவாகிறது? அது ஏன் திடீரென்று நிகழ்கிறது?

நீரில் சிறிதளவு பரப்பு இயங்கியைக் கரைத்தால் மூலக்கூறுகள் முதலில் மேற்பரப்பை நிரப்பும். பரப்பு இழுவிசை குறைந்துகொண்டே வரும். 25 டிகிரி செல்சியஸில் தூய நீருக்கு அது மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். மேற்பரப்பு நிரம்பிய பிறகும் சேர்த்தால், மூலக்கூறுகள் வாலை உள்ளே வைத்துத் தலையை வெளியே நீட்டிக் கொத்துகளாகத் திரள்கின்றன. இந்தக் கொத்துதான் மிசெல். அது தொடங்கும் செறிவுக்கு மாறுநிலை மிசெல் செறிவு என்று பெயர். சோடியம் டோடெசில் சல்பேட்டுக்கு இது லிட்டருக்குச் சுமார் 8 மில்லிமோல். ஒரு மிசெலில் ஏறத்தாழ 60 மூலக்கூறுகள் இருக்கும்.

வால்கள் ஒன்றையொன்று விரும்பித் தேடிக்கொள்வதாகப் பலர் நினைக்கிறார்கள். அறை வெப்பநிலையில் முக்கியக் காரணம் நீர். ஒவ்வொரு வாலைச் சுற்றியும் நீர் மூலக்கூறுகள் ஒழுங்குக்கு உட்பட வேண்டியிருக்கிறது. வால்கள் ஒளிந்துகொண்டால் அந்த நீர் விடுதலை பெறுகிறது, என்ட்ரோபி (ஒழுங்கின்மையின் அளவு) கூடுகிறது. தலைகளுக்கு இடையிலான விலக்கம் இதற்கு எதிராக நிற்கிறது. பல மூலக்கூறுகள் சேர்ந்தால்தான் திரட்சி லாபகரமாகும் என்பதால் மாற்றம் குறுகிய செறிவு இடைவெளிக்குள் நடந்துவிடுகிறது.

இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். மிசெல் ஒரு நிலையான உருண்டை அல்ல. தனி மூலக்கூறு ஒன்று மைக்ரோநொடிக் கணக்கில் வெளியேறி இன்னொன்று நுழைகிறது. மிசெல் முழுதாகக் கலைந்து பிறப்பதற்கு மில்லிநொடிகள் அல்லது அதற்கும் மேலாகிறது. மெக்பெயின் 1913இல் இத்திரட்சியைப் பற்றிப் பேசினார், ஹார்ட்லி 1936இல் கோள வடிவத்தை முன்வைத்தார். பாடநூல்களில் நாம் பார்க்கும் அழகான உருண்டைப் படம் ஒரு சராசரி மட்டுமே.

5. கரைசலுக்கும் கூழ்மத்துக்கும் எல்லைக்கோடு எங்கே?

அளவில்தான். ஏறத்தாழ 1 நானோமீட்டரிலிருந்து 1 மைக்ரோமீட்டர் வரை உள்ள துகள்கள் பரவியிருந்தால் கூழ்மம் என்கிறோம். இந்தச் சொல்லுக்கு வேதியியல் பொருள் கொடுத்தவர் தாமஸ் கிரஹாம், 1861இல். அதற்கு முன்பே 1857இல் ஃபாரடே செந்நிறத் தங்கக் கூழ்மத்தைத் தயாரித்து, அந்த நிறம் மிக நுண்ணிய தங்கத் துகள்களால் வருகிறது என்று சொன்னார்.

6. துகள்கள் ஏன் எல்லாம் சேர்ந்து அடியில் தங்கிவிடுவதில்லை?

விட்டுவைத்தால் ஒருநாள் தங்கிவிடும் என்பதுதான் நேர்மையான பதில். பெரும்பாலான கூழ்மங்கள் வெப்ப இயக்கவியல்படி நிலையானவை அல்ல. வழியில் ஒரு தடை இருப்பதால் தாமதமாகிறது, அவ்வளவுதான். மிசெல் அப்படியல்ல, அது உண்மையான சமநிலை அமைப்பு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பலர்.

அந்தத் தடையை விளக்கியவர்கள் டெர்யாகின், லாண்டாவ் (1941), பிறகு தனித்து அதே முடிவுக்கு வந்த வெர்வே, ஓவர்பீக் (1948). இரு துகள்களுக்கு இடையே வான்டெர் வால்ஸ் ஈர்ப்பு எப்போதும் உண்டு. துகள்களின் மின்சுமையைச் சுற்றி எதிர் அயனிகள் திரண்ட இரட்டை அடுக்கு விலக்கத்தைத் தருகிறது. எது வெல்லும் என்பதை உப்பு தீர்மானிக்கிறது. லிட்டருக்கு 1 மில்லிமோல் சோடியம் குளோரைடில் இந்த அடுக்கின் தடிமன் சுமார் 10 நானோமீட்டர். 100 மில்லிமோலில் சுமார் 1 நானோமீட்டர்தான். அடுக்கு சுருங்கியதும் ஈர்ப்பு எட்டிப் பிடித்துக்கொள்கிறது, கூழ்மம் திரிகிறது. எதிர் அயனியின் இணைதிறன் கூடினால் விளைவு மிகக் கடுமை. மின்சுமை மிகுந்த துகள்களுக்குக் கோட்பாடு சொல்லும் ஆறாம் அடுக்கு விதிப்படி, ஒற்றை மின்சுமை அயனி செய்யும் வேலையை இரட்டை மின்சுமை அயனி 64இல் ஒரு பங்குச் செறிவிலேயே செய்துவிடும்.

7. ஜீட்டா மின்னழுத்தம் 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் வந்துவிட்டது. என் கூழ்மம் நிலையானது என்று எழுதிவிடலாமா?

அந்த எண் ஒரு நடைமுறைக் குறிப்பு, விதி அல்ல. ஜீட்டா என்பது துகளோடு ஒட்டி நகரும் நீர்ப்படலத்தின் வெளி எல்லையில் உள்ள மின்னழுத்தம். அது நமக்குச் சொல்வது 6ஆம் பதிலில் உள்ள மின்விலக்கத்தைப் பற்றி மட்டும். பாலிமர் உறை போர்த்திய துகள்கள் ஜீட்டா பூச்சியத்துக்கு அருகில் இருந்தாலும் மாதக்கணக்கில் நிற்கும். உப்பு மிகுந்த கரைசலில் உயர்ந்த ஜீட்டா காட்டும் துகள்கள் மாலைக்குள் திரிந்தும் போகலாம். எந்த அமிலத்தன்மையில், எந்த உப்புச் செறிவில் அளந்தீர்கள் என்று எழுதாத ஜீட்டா மதிப்புக்குப் பொருளே இல்லை. நிலைப்புத்தன்மை பற்றிச் சொல்ல வேண்டுமானால் அதையே நேராகப் பாருங்கள்: நாள்தோறும் துகள் அளவை அளந்து வையுங்கள்.

8. இதில் ஒளி வேதியியல் எங்கிருந்து வந்தது?

400 நானோமீட்டர் ஒளியின் ஒரு மோல் ஃபோட்டான்கள் ஏறத்தாழ 300 கிலோஜூல் சுமக்கின்றன. அது பல வேதிப்பிணைப்புகளின் வலுவோடு ஒப்பிடத்தக்க ஆற்றல். அதை உட்கவர்ந்த மூலக்கூறு கிளர்வு நிலைக்குப் போகிறது. அந்த நிலையில் அதன் அமிலத்தன்மை, எலெக்ட்ரானைக் கொடுக்கும் திறன், வடிவம் எல்லாமே மாறிவிடக்கூடும். ஆயுள் மட்டும் மிகக் குறைவு, பெரும்பாலும் நானோநொடிகள். நாரிஷும் போர்ட்டரும் 1940களின் கடைசியில் கணநேரம் பளிச்சிடும் ஒளியைப் பாய்ச்சி இப்படிப்பட்ட குற்றாயுள் இனங்களைப் பிடிக்கும் முறையை வகுத்தார்கள். 1967இல் ஐகனுடன் சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்கள். மில்லிநொடியில் தொடங்கிய அந்தப் பாதை ஃபெம்டோநொடி வரை சென்று 1999இல் செவெயிலுக்குப் பரிசு வாங்கித் தந்தது.

இடைமுக ஆய்வாளருக்கு இந்தக் குறுகிய ஆயுள் ஒரு வரம். கிளர்ந்த மூலக்கூறு தன் ஆயுளுக்குள் எதைச் சந்தித்ததோ அதை மட்டுமே அறியும். எனவே அது தன் அண்டையைப் பற்றி மட்டும் சாட்சி சொல்லும்.

9. மிசெலின் உள்ளே எப்படி இருக்கிறது என்று ஒளியால் எப்படித் தெரியும்? நேரில் பார்க்க முடியாதே.

உளவு மூலக்கூறு ஒன்றை அனுப்புகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது பைரீன். நான்கு பென்சீன் வளையங்கள் ஒட்டிய இந்தத் தட்டை மூலக்கூறு நீரில் கரைய மிகவும் தயங்கும், மிசெல் கிடைத்தால் அதற்குள் போய்விடும். அதன் ஒளிர்வு நிறமாலையில் ஐந்து சிறு முகடுகள் உண்டு. 373 நானோமீட்டர் அருகில் வரும் முதல் முகட்டுக்கும் 384 அருகில் வரும் மூன்றாம் முகட்டுக்கும் உள்ள விகிதம் சுற்றுப்புறத்தின் முனைவுத்தன்மைக்கேற்ப மாறும். நீரில் இந்த விகிதம் 1.8 அளவில் இருக்கும், ஹெக்சேன் போன்ற கரைப்பானில் 0.6 அளவுக்கு இறங்கும். சோடியம் டோடெசில் சல்பேட் மிசெலில் 1.1 முதல் 1.2 வரை. கல்யாணசுந்தரமும் தாமஸும் 1977இல் வெளியிட்ட கட்டுரை இதை மிசெல் ஆய்வுக்கான அன்றாடக் கருவியாக்கியது.

இந்த எண்ணை நிதானமாகப் பாருங்கள். மிசெலின் உள்ளே எண்ணெய் என்று படித்திருக்கிறோம். அப்படியானால் 0.6 அருகில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பைரீன் நடுமையத்தில் உட்காராமல் தலைகளுக்கு அருகே, நீர் எட்டிப் பார்க்கும் பகுதியில் இருக்கிறது என்பதுதான் இதன் விளக்கம். உளவாளி தான் நின்ற இடத்தைப் பற்றித்தான் சொல்கிறது, மிசெல் முழுவதையும் பற்றி அல்ல.

எத்தனை மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு மிசெல் என்பதையும் ஒளியால் எண்ணலாம். டூரோவும் யெக்தாவும் 1978இல் செய்தது இது: ஒளிரும் மூலக்கூறு ஒன்று, அதன் ஒளிர்வை அணைக்கும் இன்னொன்று, இரண்டையும் மிசெலோடு ஒட்டியிருக்கும்படி தேர்ந்தெடுத்தார்கள். அணைப்பான் இல்லாத மிசெல்களில் மட்டும் ஒளிர்வு மிஞ்சும். மிஞ்சிய ஒளிர்வின் மடக்கையை அணைப்பான் செறிவுக்கு எதிராக வரைந்தால் சரிவிலிருந்து மிசெல்களின் செறிவு கிடைக்கிறது. மிசெலாகத் திரண்ட மூலக்கூறுகளின் செறிவை அதனால் வகுத்தால் திரட்சி எண். சாதாரண ஒளிர்வு அளவி ஒன்று இருந்தால் போதும். இவ்வளவு எளிய கருவியில் இவ்வளவு ஆழமான தகவல் கிடைப்பது வேதியியலில் அரிது.

10. பைரீன் காட்டும் மாறுநிலை செறிவும் பரப்பு இழுவிசை காட்டுவதும் ஒத்துப்போகவில்லை. எதை எழுதுவது?

இரண்டையும், எந்த முறையில் வந்தது என்ற குறிப்போடு. 4ஆம் பதிலில் சொன்னபடி மாற்றம் ஒரு சிறு இடைவெளியில் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடைவெளியின் வெவ்வேறு புள்ளியைத் தொடுகிறது. சிறு வேறுபாடு இயல்பு.

இரு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு வந்தால் சந்தேகப்பட வேண்டும். பைரீனின் செறிவைக் கூட்டி வைத்திருந்தால் இரண்டு மூலக்கூறுகள் இணைந்து 470 நானோமீட்டர் அருகே அகன்ற பட்டையாக ஒளிரும். அப்போது விகிதம் பொய் சொல்லும். கருவியின் பிளவு அகலத்தை மாற்றினாலும் விகிதம் மாறும். ஆகவே வேறு ஆய்வகத்தின் 1.8ஐ உங்கள் 1.6ஓடு ஒப்பிட்டு முடிவு கட்டாதீர்கள். பரப்பு இழுவிசைப் பக்கத்தில் வரும் சிக்கல் மாசு. அதை அடுத்து விரிவாகச் சொல்கிறேன்.

11. புட்டியில் 99 சதவீதம் தூய்மை என்று எழுதியிருக்கிறதே, அது போதாதா?

இந்தத் துறையில் போதாது. இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லத் தயாராக இருக்கிறேன். மிச்சமிருக்கும் அந்த ஒரு சதவீதம் பரப்பை விரும்பும் பொருளாக இருந்தால் அது கரைசலில் ஒரு சதவீதமாக இருக்காது. மேற்பரப்புக்கு ஓடிவந்து அங்கே பெரும்பான்மையாகிவிடும்.

சோடியம் டோடெசில் சல்பேட்டில் இதைக் கண்ணால் காணலாம். அதோடு சிறிதளவு டோடெகனால் கலந்திருந்தால், பரப்பு இழுவிசை வரைபடம் மாறுநிலை செறிவருகே ஒரு பள்ளத்தில் இறங்கி மறுபடி ஏறும். டோடெகனால் முதலில் மேற்பரப்பில் குவிந்து இழுவிசையை மிகையாகக் குறைக்கிறது. மிசெல்கள் பிறந்ததும் அவற்றுக்குள் கரைந்து மேற்பரப்பை விட்டு விலகுகிறது, இழுவிசை ஏறுகிறது. தூய பொருளில் பள்ளம் வராது. பழைய கரைசலில் சல்பேட் நீராற்பகுப்படைந்து டோடெகனால் தானே உருவாகும் என்பதால், மறுபடிகமாக்கிய பொருளிலிருந்து அன்றைய கரைசலை அன்றே தயாரிக்க வேண்டும்.

தங்க நானோகம்பிகளின் கதை இன்னும் கூர்மையானது. செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடில் அவற்றை வளர்க்கும் முறை ஒரு ஆய்வகத்தில் கச்சிதமாக வந்து, இன்னொன்றில் கோளங்களாக மட்டும் முடிந்தது. வெவ்வேறு நிறுவனங்களின் பொருளை ஒப்பிட்டபோது சிலவற்றில் மிகச் சிறிதளவு அயோடைடு இருந்தது தெரியவந்தது. அது தங்கத்தின் குறிப்பிட்ட முகங்களில் ஒட்டிக்கொண்டு கம்பி வளர்ச்சியைத் தடுத்துவிடுகிறது. புட்டியின் தொகுதி எண்ணைக் குறிப்பேட்டில் எழுதும் பழக்கம் இதனால்தான் வேண்டும்.

12. கரைசல் நேற்று தெளிவாக இருந்தது, இன்று வெள்ளையாகப் படிந்திருக்கிறது. கெட்டுவிட்டதா?

அறை குளிர்ந்திருக்கும். அயனிப் பரப்பு இயங்கிகளுக்குக் கிராஃப்ட் வெப்பநிலை என்று ஒன்று உண்டு. அதற்குக் கீழே மிசெல் உருவாகும் அளவுக்குக் கரைதிறன் இல்லாமல் படிகமாகிவிடும். செட்டைல் டிரைமெத்தில் அம்மோனியம் புரோமைடுக்கு அது 25 டிகிரிக்கு அருகிலேயே இருக்கிறது. இளஞ்சூட்டில் வைத்துக் கரையுங்கள், அளவீடு முழுவதும் வெப்பநிலையைக் கட்டுப்படுத்துங்கள்.

13. ஒளிச்சிதறல் கருவி 80 நானோமீட்டர் என்கிறது, எலெக்ட்ரான் நுண்ணோக்கி 40 என்கிறது. எதை நம்புவது?

இரண்டும் வேறு வேறு அளவுகளைச் சொல்கின்றன. முதலாவது, துகள் தன் உறையோடும் ஒட்டிய நீரோடும் சேர்ந்து எவ்வளவு மெதுவாக அலைகிறது என்பதிலிருந்து கணக்கிட்ட விட்டம். இரண்டாவது, உலர்ந்த துகளின் படம். மேலும் சிறு துகள்கள் சிதறடிக்கும் ஒளி ஆரத்தின் ஆறாம் அடுக்கில் கூடுகிறது. பத்து மடங்கு பெரிய ஒரே துகள் பத்து லட்சம் சிறு துகள்களுக்கு ஈடாக ஒளிரும். வடிகட்டாத கரைசலில் தூசு இருந்தால் கருவி தூசியைத்தான் அளக்கும்.

14. மிசெல் வினையை வேகப்படுத்தும் என்கிறார்கள். ஒளிவினையையுமா?

சாதாரண வினைகளில் மிசெல் செய்வது பெரும்பாலும் கூட்டிச்சேர்ப்பது. இரு வினைபடு பொருள்களும் அதன் சிறு கனஅளவுக்குள் குவிந்தால் வேகம் கூடும். பரப்பு இயங்கியை மேலும் சேர்த்தால் மிசெல்கள் பெருகி வினைபடு பொருள்கள் தனித்தனி மிசெல்களில் பிரிந்துபோகும், வேகம் குறையும். வரைபடத்தில் ஒரு முகடு வந்தால் வியக்க வேண்டாம்.

ஒளிவினையில் நிகழ்வது அதைவிட அழகானது. டைபென்சைல் கீட்டோனின் ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு மெத்தில் தொகுதியை வையுங்கள். ஒளி பட்டால் கார்பன் மோனாக்சைடு வெளியேறி, ஏ, பி என்று இரண்டு தனி உறுப்புகள் (இணை சேராத எலெக்ட்ரான் கொண்ட துண்டுகள்) மிஞ்சும். சாதாரண கரைசலில் அவை அலைந்து திரிந்து யாரோடும் சேரும். விளைபொருள்கள் ஏஏ, ஏபி, பிபி என 1:2:1 விகிதத்தில் கிடைக்கும். மிசெலுக்குள் அதே வினையைச் செய்தால் ஏபி மிகுதியாகும், ஏனெனில் பிறந்த ஜோடி வெளியேறுமுன் தங்களுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. அந்த ஜோடி, இரு தனி எலெக்ட்ரான்களின் சுழற்சியும் ஒரே திசையில் இருக்கும் மும்மை நிலையில் பிறப்பதால், சேர்வதற்கு முன் எலெக்ட்ரான் சுழற்சி மாற வேண்டும். அதற்கு ஆகும் காலமும் மிசெலை விட்டு வெளியேறும் காலமும் போட்டியிடுகின்றன. வெளியிலிருந்து ஒரு காந்தப்புலத்தை வைத்தால் இந்தப் போட்டியின் முடிவு மாறுகிறது. கார்பன்-13 உள்ள ஜோடி, அணுக்கருவின் காந்தத்தால் விரைவில் சுழற்சி மாறி, கார்பன் மோனாக்சைடு வெளியேறுமுன்பே மறுபடி சேர்ந்துவிடுவதால், மிஞ்சும் கீட்டோனில் அந்த ஐசோடோப்பு செறிவடைகிறது. டூரோவின் குழு இவற்றை 1970களின் இறுதியிலிருந்து தொடர்ந்து காட்டியது. சாதாரண சோப்புக் கரைசல் ஐசோடோப்பைப் பிரித்தெடுக்கிறது என்பதை எண்ணிப் பாருங்கள்.

15. சாயத்தின் நிறம் போய்விட்டது. என் ஒளி வினையூக்கி வேலை செய்தது என்று எழுதலாமா?

இன்னும் இல்லை. நிறம் போவதற்குப் பல வழிகள் இருக்கின்றன. சாயம் துகளின் மேல் ஒட்டியிருக்கலாம்: இருட்டில் கலக்கிவைத்து, சமநிலை வந்த பிறகே விளக்கை ஏற்ற வேண்டும். வினையூக்கி இல்லாமலே சாயம் ஒளியில் சிதைந்திருக்கலாம்: அதற்கும் தனி ஒப்பீடு வேண்டும். மெத்திலீன் நீலம் ஒடுக்கமடைந்து நிறமற்ற வடிவத்துக்கு மாறியிருக்கலாம்: காற்றைச் செலுத்தினால் நீலம் திரும்பிவிடும், அழிந்தது எதுவும் இல்லை.

கட்புலனாகும் ஒளியில் வேலை செய்கிறது என்ற கூற்றில்தான் மிகுந்த கவனம் தேவை. அனடேஸ் வகை டைட்டானியம் டைஆக்சைடின் பட்டை இடைவெளி 3.2 எலெக்ட்ரான் வோல்ட். 387 நானோமீட்டருக்கு மேற்பட்ட ஒளியை அது உட்கவராது. ஆனால் சாயம் உட்கவரும், கிளர்ந்த சாயம் தன் எலெக்ட்ரானைத் துகளுக்குள் செலுத்தித் தானே சிதையும். அது உண்மையான, சுவையான நிகழ்வு. சாய உணர்வூட்டிய சூரிய மின்கலத்தின் அடிப்படையே அதுதான். ஆனால் உங்கள் துகள் கட்புலனாகும் ஒளியில் வினையூக்கியாகச் செயல்பட்டது என்பதற்கு அது சான்று ஆகாது. நிறமற்ற ஃபீனால் போன்ற ஒன்றை வைத்துச் சோதியுங்கள், மொத்தக் கரிமக் கார்பன் குறைகிறதா என்று பாருங்கள். நிறம் போனதை மட்டும் வைத்து எழுதப்பட்ட கட்டுரைகள் அளவுக்கு மீறிக் குவிந்துவிட்டன என்பது என் உறுதியான கருத்து. அந்தக் குவியலில் உங்களுடையதும் சேர வேண்டாம்.

16. குவாண்டம் விளைதிறன் கட்டாயமா? வேக மாறிலி கொடுத்தால் போதாதா?

வேக மாறிலி உங்கள் விளக்கின் வலிமையையும் பாத்திரத்தின் வடிவத்தையும் சேர்த்துச் சுமக்கிறது. இன்னொருவர் அதை வைத்து எதையும் ஒப்பிட முடியாது. உட்கவர்ந்த ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் எத்தனை மூலக்கூறுகள் மாறின என்பதே குவாண்டம் விளைதிறன். ஃபோட்டான்களை எண்ண, ஹேச்சர்டும் பார்க்கரும் 1956இல் செம்மைப்படுத்திய பொட்டாசியம் ஃபெர்ரியாக்சலேட் முறை இன்றும் கைகொடுக்கிறது. செம்மையாகச் செய்ய ஒரு நாள் போதும்.

கூழ்மத்தில் மட்டும் ஒரு தடை உண்டு. துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால், பாத்திரத்தைத் தாண்டி வராத ஒளியெல்லாம் உட்கவரப்பட்டது அல்ல. சிதறிய ஒளியையும் சேர்த்து அளக்கும் கோளத் தொகுப்பி இல்லையென்றால் விழுந்த ஃபோட்டான்களின் அடிப்படையில் கணக்கிட்டு, அதைத் தோற்ற விளைதிறன் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

17. கலங்கலான கரைசலில் ஒளிர்வு அளக்கும்போது எதை எதைப் பார்க்க வேண்டும்?

மூன்று விஷயங்கள். கிளர்வூட்டும் அலைநீளத்தில் ஒளி உட்கவர்தல் 0.1க்குக் கீழே இருக்கட்டும், இல்லையென்றால் முன்பகுதியே ஒளியை விழுங்கிவிடும். நீர் மூலக்கூறுகள் ஒளியை அலைநீளம் மாற்றிச் சிதறடிப்பதால் வரும் ராமன் முகட்டைப் புதுக் கண்டுபிடிப்பாக எண்ணிவிடாதீர்கள்: 350 நானோமீட்டரில் கிளர்வூட்டினால் 397 அருகே அது நிற்கும், கிளர்வு அலைநீளத்தை மாற்றினால் கூடவே நகரும். காற்றில் உள்ள ஆக்சிஜன் நீண்ட ஆயுள் கொண்ட கிளர்வு நிலைகளை அணைத்துவிடும். பைரீனுக்கு அது பெரிய விளைவு, எனவே நைட்ரஜனையோ ஆர்கானையோ செலுத்தி வெளியேற்றுங்கள். பரப்பு இயங்கிக் கரைசல் நுரைக்கும் என்பதால் மெதுவாக, கரைசலின் மேற்பரப்பைத் தடவிச் செல்லும்படி.

18. பரப்பு இயங்கிகளே நீர்நிலைகளை மாசுபடுத்துகின்றனவே. இதில் ஆய்வு செய்வது சரியா?

நியாயமான கேள்வி. கிளைத்த அல்கைல் பென்சீன் சல்ஃபோனேட்டுகள் நுண்ணுயிரிகளால் எளிதில் சிதையாததால் ஆறுகளில் நுரை மலைபோல் குவிந்தது. 1960களில் பல நாடுகள் நேர்ச்சங்கிலி வகைக்கு மாறின. வாலின் வடிவத்தை மாற்றியதே தீர்வாயிற்று, அதைச் செய்தவர்கள் இந்தத் துறையினர்தாம். இன்று சிக்கலாக முன்னிற்பவை ஃப்ளூரின் நிறைந்த பரப்பு இயங்கிகள். அவற்றில் பிஎஃப்ஓஎஸ் 2009இலும் பிஎஃப்ஓஏ 2019இலும், எளிதில் சிதையாத கரிம மாசுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கைப் பட்டியலில் சேர்ந்தன. கார்பன்-ஃப்ளூரின் பிணைப்பை ஒளியால் உண்டாக்கிய நீரேற்ற எலெக்ட்ரானை (நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த தனி எலெக்ட்ரான்) கொண்டு உடைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. பரப்பு இயங்கியும் ஒளி வேதியியலும் தெரிந்த ஒருவருக்கு இதைவிடத் தேவையான வேலை எனக்குத் தெரியவில்லை.

19. முனைவர் பட்டத்துக்குப் பின் என்ன வேலை கிடைக்கும்? தலைப்பை மாற்றிக்கொண்டே இருந்தால் தவறா?

வண்ணப்பூச்சு, மருந்துக் கலவை, அழகுப்பொருள், வேளாண் தெளிப்பு, அச்சு மை, நீர்ச் சுத்திகரிப்பு, மின்னணுச் சில்லுக்கான ஒளி உணர் பூச்சு: நிலையாகப் பரப்பி வைக்க வேண்டிய பொருள் இருக்கும் ஒவ்வொரு தொழிலுக்கும் இந்தப் பயிற்சி பெற்றவர் வேண்டும். தொழில்துறை ஆய்வு இரண்டாந்தரம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். லாங்மியூர் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் மின்விளக்கு இழையில் தொடங்கினார். உலோகத்தின் மேல் வாயு எப்படி ஒட்டுகிறது என்ற அந்தக் கேள்வியே அவரை நீர்மேல் எண்ணெய்ப் படலத்துக்கும், 1932இல் நோபல் பரிசுக்கும் கொண்டுசென்றது. அவருடன் பணியாற்றிய கேதரின் பிளாட்ஜெட் அந்தப் படலங்களை அடுக்கடுக்காகக் கண்ணாடியில் ஏற்றி 1938இல் ஒளி பிரதிபலிக்காத கண்ணாடியைச் செய்தார். இருவரும் பொருள்களை மாற்றினார்கள், கேள்வியை மாற்றவில்லை.

ஆய்வகமே இல்லாமல் தொடங்கியவரும் உண்டு. ஆக்னஸ் பாக்கெல்ஸ் பல்கலைக்கழகம் செல்ல வாய்ப்பில்லாத நிலையில், வீட்டில் ஒரு தகரத் தொட்டியும் நகரும் பட்டையும் வைத்து மேற்பரப்புப் படலங்களை அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ராலே பிரபு முன்மொழிய, 1891இல் அது 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. லாங்மியூர் தொட்டி என்று நாம் அழைப்பதன் முன்னோடி அது.

20. அணைப்பான் செறிவைக் கூட்டியபோது ஸ்டெர்ன்-வோல்மர் கோடு மேல்நோக்கி வளைகிறது. கடைசிப் புள்ளிகளை விட்டுவிடலாமா?

விடாதீர்கள், அங்கேதான் செய்தி இருக்கிறது. அணைப்பான் இல்லாதபோதுள்ள ஒளிர்வை அணைப்பான் உள்ளபோதுள்ள ஒளிர்வால் வகுத்து, அணைப்பான் செறிவுக்கு எதிராக வரைவதே ஸ்டெர்ன்-வோல்மர் வரைபடம். ஒரே சீரான கரைசலில், மோதலால் மட்டும் அணைப்பு நடந்தால் நேர்க்கோடு வரும். மிசெல் கரைசலில் அணைப்பான்கள் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சராசரியாக மிசெலுக்கு ஒன்று என்றாலும், பாய்சான் பங்கீட்டின்படி சுமார் 37 சதவீத மிசெல்களில் ஒன்றுமே இருக்காது, சிலவற்றில் இரண்டு மூன்று இருக்கும். அதனால் ஒளிர்வு அடுக்குக்குறிப்படி குறைகிறது, ஸ்டெர்ன்-வோல்மர் வரைபடம் மேலே வளைகிறது. 9ஆம் பதிலில் சொன்ன திரட்சி எண் கணக்கு நிற்பதே இந்த வளைவின் மேல்தான்.

உறுதிப்படுத்த ஒளிர்வு ஆயுளை அளந்து பாருங்கள். சிதைவு வரைபடத்தின் தொடக்கம் செங்குத்தாக இறங்கும், அது அணைப்பானோடு சேர்ந்திருந்த மிசெல்கள். வால்பகுதி அணைப்பானே இல்லாத கரைசலின் சரிவுக்கு இணையாகப் போனால் அணைப்பான் இடம் பெயரவில்லை, கணக்கு செல்லும். வால்பகுதி அதைவிடச் செங்குத்தாக இருந்தால் அணைப்பான் கிளர்வு நிலையின் ஆயுளுக்குள் ஒரு மிசெலை விட்டு இன்னொன்றுக்குத் தாவுகிறது. அப்போது திரட்சி எண்ணை இந்த எளிய முறையில் எழுதக்கூடாது. ஆனால் அந்தச் சரிவு வேறுபாட்டை அணைப்பான் செறிவுக்கும் பரப்பு இயங்கிச் செறிவுக்கும் எதிராகத் தொடர்ந்து அளந்தால், அணைப்பான் மிசெலை விட்டு வெளியேறும் வேகத்தையே பெற்றுவிடலாம்.